கணுக்காலில் இரண்டு சுற்று டேப்

எங்கள் அலைச்சறுக்குப் பள்ளியின் சாமான் கொட்டகைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பூட்டைப் பூட்டிவிட்டு நாலு முறை இழுத்துப் பார்ப்பவன். மரக்காணத்தில் பேருந்து ஏறிப் பிரம்மதேசம் வந்ததும் சந்தேகம் தட்டி, இறங்கி, எதிர்ப் பேருந்தில் திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் என்று. உண்மைதான். மூன்று முறை அப்படிப் போயிருக்கிறேன். மூன்று முறையும் பூட்டு பூட்டித்தான் இருந்தது.

சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கடைசியில், "ஆனா அந்த ஆளு கையில ஒரு சாமான் போனா பயமில்லாம இருக்கலாம்" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் கையில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பால் ஒரு மனிதர் சாகத் தெரிந்தார்.

உடைந்த பலகையை எப்படி ஒட்டுவது, எதை எவ்வளவு கலப்பது, வெயிலில் எவ்வளவு நேரம் காயவைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதையெல்லாம் நீங்கள் போனில் பார்த்தே என்னைவிட நன்றாகக் கற்றுக்கொள்வீர்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்பத்து மூன்றில் விக்கிரவாண்டியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். நெளிந்த தகட்டை நிமிர்த்தும் டிங்கர் வேலை. இந்தக் கடற்கரையில் எல்லோரும் என்னை 'டிங்கர் அண்ணே' என்று கூப்பிடுவது அதனால்தான். அங்கே எனக்குப் படிந்த பாடம் ஒன்றே ஒன்று: கட்டினது அவிழக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடுகிற லாரியில் தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்தால் பின்னால் சைக்கிளில் வருகிறவன் போய்ச் சேருவான். அதனால் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் கம்பி சுற்றி, கம்பியின்மேல் கறுப்பு டேப் சுற்றுவோம். மாதக் கணக்கில் தேசம் சுற்றிவிட்டு லாரி திரும்பி வந்தாலும் அந்த முடிச்சு அப்படியே இருக்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பிறகு திண்டிவனத்தில் பைபர் வேலைக்குப் போனேன். லாரி முகப்பு, தண்ணீர்த் தொட்டி. சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் பைபர் படகு கட்ட ஆள் போதவில்லை. அப்படித்தான் இங்கே வந்தேன். ஒரு நாள் என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர், இரண்டாக முறிந்த அலைச்சறுக்குப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, "படகு ஒட்டுறீங்களே, இத ஒட்டுவீங்களா?" என்று கேட்டார். ஒட்டிக் கொடுத்தேன். அவர்தான் பிறகு இந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பயிற்சியாளர் என்றே எழுதுகிறேன். கொட்டகையை என்னிடம் ஒப்படைத்ததும் அவர்தான்.

லீஷ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இதை வேறு யாராவது படிக்கலாம். பலகையின் வால் பக்கத்தையும் சறுக்குகிறவரின் கணுக்காலையும் இணைக்கிற ரப்பர் கயிறு. ஆள் விழுந்தாலும் பலகை ஓடிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். கால் பக்கம் ஒரு ஒட்டுப்பட்டை, பலகை பக்கம் ஒரு ஒட்டுப்பட்டை. இரண்டிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு காது இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரிந்துவிடும்.

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, சறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் காலில் அந்தப் பட்டை தானாகப் பிரிந்தது. முகையூரிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இடுப்பளவுத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. அலை கொண்டுவந்த ஆளில்லாத பலகை ஓர் அம்மாவின் தோளில் மோதிக் காறையெலும்பு முறிந்தது. அவர் கத்தக்கூட இல்லை. மணலில் உட்கார்ந்து கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கணவர் கையில் அவித்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். அந்தப் பட்டையை அன்று காலை நான் பார்த்திருந்தேன். தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று மாட்டிவிட்டேன்.

ஊர்க் கூட்டம் கூடியது. இன்னொரு பலகை அவிழ்ந்து வந்து யார் மேலாவது பட்டால், கோடையில் இந்தக் கரையில் பலகையே இறங்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கோடைதான் எல்லாம். மீன்பிடித் தடைக்காலத்தில் இயந்திரப் படகுகள் கரையேறிவிடும். எட்வினைப்போல ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் அந்த நாட்களில் வெளியூர்க்காரர்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எட்வின் அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்பாவோடு கடலுக்குப் போகிறவர், எங்கள் கரையின் நல்ல சறுக்குக்காரர்.

பள்ளி வாசலில் கோடை விதிகள் எழுதிய பலகை மாட்டினோம். மது அருந்தியவர் இறங்கக் கூடாது, வலை இழுக்கும்போது கரையேற வேண்டும், இப்படி. முதல் வரி, லீஷ் கட்டாதவர் கடலில் இறங்கக் கூடாது. எல்லோரும் அத்தோடு நிம்மதியானார்கள். எனக்கு ஆகவில்லை. கட்டினாலும் அவிழுமே? ஒரு வருடம் முழுக்க இதே நினைப்பு. சோறு இறங்காது. என் சம்சாரம்கூட, "அந்தக் கவுத்த இங்க கொண்டாந்துடுங்க, ராத்திரி நம்ம காலுல கட்டிக்கினு படுத்துக்கலாம்" என்று கிண்டல் செய்தாள்.

அடுத்த கோடையில் எங்கள் கரையில் முதல் பெரிய போட்டி. கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். ஷாமியானா, ரேடியோ செட், வேன் வேனாகக் கூட்டம். ஊர்த் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாமான் சோதனை என் பொறுப்பு. நான் சரி என்று கை காட்டாமல் யாரும் இறங்க முடியாது.

முதல் பேருந்துக்கே வந்துவிட்டேன். பையில் லாரிப் பட்டறைக் கறுப்பு டேப் நாலு உருளை. ஒவ்வொருவரும் கால் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க, அதன்மேல் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினேன். காது டேப்புக்குள் போய்விட்டது. பலகை பக்கத்துப் பட்டைகளுக்கும் சுற்றத்தான் இருந்தேன். டேப் தீர்ந்துவிட்டது. நல்ல எண்ணத்தால் அல்ல, தீர்ந்துபோனதால்தான் விட்டேன் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எட்வின் மட்டும் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, இத எப்பிடிக் கழட்டுறது?"

"கழட்டக் கூடாதுன்னுதான சுத்துறேன்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "டிங்கர் அண்ணன் கட்டுனா செத்தாலும் கூடவே வரும்டா" என்று ஒருவர் சொன்னார். எட்வினும் சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. பயிற்சியாளர் நடுவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியான காரியத்துக்கு எதற்குக் கேட்பது என்று நினைத்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். இருவர் இருவராக இறங்குகிற சுற்று. எட்வினும் ஒரு மாமல்லபுரத்துக்காரரும் தண்ணீரில். தடைக்காலம் என்பதால் கடலில் வலையே இருக்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எங்கிருந்தோ அறுந்த ஒரு துண்டு வலை ஈயக் குண்டுகளோடு பாதி மூழ்கியபடி நீரோட்டத்தில் வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. எட்வின் ஓர் அலையில் ஏறி, திரும்பி, விழுந்தார்.

விழுந்தவர் எழவில்லை. அவர் பலகை மட்டும் மூக்கு வானத்தைப் பார்க்க நட்டுவைத்ததுபோல நேராக நின்றது. பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. கொஞ்சம் நடுங்கியது. கூட்டம் அதை ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும், "பாருங்க பாருங்க, நம்ம ஊரு ஆளு பலகைய நிக்க வெச்சிட்டாரு" என்றார்.

பலகை அப்படி நின்றால் அடியில் கயிறு விறைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் கீழே மாட்டிக்கொண்டு பலகையின் வாலை இழுத்துக்கொண்டிருக்கிறார். மாமல்லபுரத்துக்காரர் அதற்குள் அங்கே போய்விட்டார். மூழ்கினார். மேலே வந்து கையை ஆட்டி, "வரல, வரல" என்று கத்தினார். மறுபடி மூழ்கினார். பயிற்சியாளர் மீட்புப் பலகையோடு ஓடுவது தெரிந்தது. அவர் இன்னும் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை.

எது வரவில்லை என்று அந்தக் கரையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு நீச்சல் தெரியாது. நான் நின்ற இடம் மைக்குக்குப் பக்கத்தில். ஒரு மூச்சு நேரம் நான் சும்மா நின்றேன். முன்வரிசையில் தலைவர். ரேடியோ செட்டில் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும். கோடை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, நான் போனேன். அடியில் எதிலோ மாட்டினார் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள், டேப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுகூட மனசு ஓடியது. அந்த ஒரு மூச்சை நான் யாரிடமும் மறைத்ததில்லை. உங்களிடமும் மறைக்கப் போவதில்லை. எட்வின் அந்த நேரத்தில் மூச்சில்லாமல் இருந்தார்.

பிறகு மைக்கைப் பிடுங்கினேன்.

"கால விடு. கால்ல டேப் சுத்தியிருக்குது, நான்தான் சுத்துனேன், அது அவுராது. பலகையோட வால் பக்கம் போ. அங்க டேப் இல்ல. அந்தப் பட்டைய இழு."

இரண்டு முறை சொன்னேன்.  மாமல்லபுரத்துக்காரர் தலையைத் திருப்பியது தெரிந்தது. நட்டுவைத்த பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கைதட்டல் நின்றுவிட்டது.  பலகை சட்டென்று துள்ளி விழுந்து தண்ணீரில் படுத்தது. முனை விடுபட்டதும், அந்தத் துண்டு வலையில் சிக்கியிருந்த கயிறு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி எட்வினின் தலை தெரிந்தது. பயிற்சியாளர் அவரை மீட்புப் பலகையில் குப்புறப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்.

வாந்தியாக எடுத்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் வழண்டு, அதன்மேல் என் டேப் அப்படியே, ஓரம்கூடக் கிளம்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மீனவர் கத்தி கொண்டுவந்து அறுத்தார். நான் அறுக்கலாம் என்று கை நீட்டினேன். அவர் கத்தியை என்னிடம் கொடுக்கவில்லை.

போட்டி அத்தோடு நின்றது. கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "டேப் சுத்துனது தப்பு. மைக்குல சொன்னது சரி. ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிச்சுடாதீங்க." இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இதைவிடப் பெரிதாக எதையும் சொன்னதில்லை. தப்பு தப்பாகவே நிற்கட்டும், சரி சரியாகவே நிற்கட்டும். நான் அதுவரை சரி ஒன்று செய்தால் தப்பு மறைந்துவிடும் என்றும், தப்பு ஒன்று செய்தால் ஆளே உருப்படி இல்லை என்றும் மாறிமாறி நினைத்துக்கொண்டிருந்தவன்.

மறுநாள் எட்வினின் மனைவி மேரி கொட்டகைக்கு வந்தார். சண்டைக்கு வந்த முகமில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவரு கேட்டாராமே, எப்பிடிக் கழட்டுறதுன்னு."

"கேட்டாரும்மா."

"ஒருத்தரு கேள்வி கேட்டா பதில் சொல்லணும் அண்ணா. ஜோக் அடிக்கக் கூடாது."

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்குப் பதில் தெரியாததால்தான் ஜோக் அடித்தேன் என்பது அவர் போனபிறகுதான் எனக்கே புரிந்தது. கேள்வி சரியான இடத்தைத் தொட்டதும், உள்ளே ஏதோ ஒன்று கூசியது. அதை மூடச் சிரிப்பு வந்தது. வரிசையும் சேர்ந்து சிரித்ததும் கேள்வி செத்துப்போனது. நீங்களும் ஒரு நாள் வரிசை முன்னால் நிற்பீர்கள். உங்கள் வாயில் நல்ல ஜோக் ஒன்று சட்டென்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்.

அந்தக் கோடை முழுக்கப் பலகை இறங்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். மைக்கில் பாதி சொல்லிவிட்டதால் மீதியைச் சொல்வது கஷ்டமாக இல்லை. கயிறே வேண்டாம் என்று சிலர், இன்னும் நல்ல கயிறு என்று சிலர். எட்வின் காலில் கட்டோடு வந்திருந்தார். அவர்தான் கேட்டார்: குளிக்கிறவர்களும் சறுக்குகிறவர்களும் ஒரே தண்ணீரில் ஏன் நிற்க வேண்டும்? பழைய ஐஸ் பாக்டரி சுவருக்கு வடக்கே பலகை, தெற்கே குளியல், நடுவில் இருநூறு அடி யாருக்கும் இல்லை, இரு பக்கமும் சிவப்புக் கொடி. அடுத்த கோடையிலிருந்து அப்படி நடத்துவதென்றால் சரி என்று தலைவர் ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் முழுக்கக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இடம் கண்ணில் படவே இல்லை. பயம் அப்படித்தான். ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அதையே இறுக்கச் சொல்லும்.

இப்போதெல்லாம் மே மாதத்தில் அந்த இருநூறு அடியின் நடுவில் விசில் ஊதிக்கொண்டு நிற்கும் உங்களை வேனில் வருகிறவர்கள் திட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "இந்தாளு பேஜாரு தாங்கலடா" என்று என்னையும் திட்டினார்கள். ஊதிக்கொண்டே இருங்கள்.

அடுத்த பங்குனியில் புதுப் பட்டைகள் வந்து இறங்கின. டேப் கொட்டகைக்குள்ளேயே இல்லை. ஒவ்வொன்றையும் பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்வின் வாசலில் வந்து நின்றார். கால் ஆறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வளையம்போல வெளிறிய தழும்பு.

"அண்ணே, இங்க உக்காந்து இழுத்தா எல்லாம்தான் பிரியும். கட்டிக்கினு தண்ணிக்குள்ள வாங்க."

நீச்சல் தெரியாது என்றேன். பிரஷர் மாத்திரை போடவில்லை என்றேன். வேட்டி கட்டியிருக்கிறேன் என்றேன். "வேட்டிய அவுக்கவாவது தெரியுமில்ல" என்றார். போனேன்.

மார்பளவுத் தண்ணீர். கணுக்காலில் பட்டை. கயிற்றின் மறுமுனை எட்வின் கையில். "அலை வர்றப்ப இழுப்பேன். நீங்க கழட்டிட்டு எழுந்துக்கணும். முடியலன்னா நான் வுட்டுடுவேன், பயப்படாதீங்க." அலை வந்தது. கால் என்னிடமிருந்து போய்விட்டது. மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. என் இரண்டு கைகளும் மேலே போய் எதையோ பிடிக்கத் தேடின. ஒன்றுமில்லை. எட்வின் உடனே விட்டுவிட்டார். எழுந்து இருமினேன்.

"கழட்டத் தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கழட்டல?"

 இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. "எனக்கு ஒரு காலு இருக்குதுன்னே மறந்துடுச்சி" என்றேன். எட்வின் தலையாட்டினார். சிரிக்கவில்லை. "அதான்" என்றார்.

இரண்டாவது முறை கை முழங்கால் வரை போனது. மூன்றாவது முறை பட்டையைத் தொட்டது. காது உள்பக்கம், மற்றக் கால் பக்கமாகத் திரும்பியிருந்தது, வழுக்கியது, விரலில் நிற்கவில்லை. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ பிரிந்தது.

கரையேறி, ஈர வேட்டியோடே கொட்டகையில் உட்கார்ந்தேன். பழைய சிவப்புக் கொடித் துணியைக் கிழித்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வளையமாக மடித்து, ஒவ்வொரு பட்டையிலும் வெளிப்பக்கம் பார்க்கத் தைத்தேன். நீங்கள் இன்று மாட்டிவிடும் பட்டைகளில் தொங்குகிற சிவப்பு வளையம் அதுதான். அழகாக இல்லை என்று சிலர் வெட்டிவிடச் சொல்வார்கள். வெட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு கோடைக்கு முன்பும் புதிதாக வரும் பட்டைகளில் ஒன்றை என் காலில் கட்டிக்கொண்டு எட்வினோடு தண்ணீருக்குள் போவேன். முதல் முறை ஒவ்வொரு வருடமும் தோற்பேன். கொட்டகையில் நாற்பது முறை பிரித்த கை, தண்ணீருக்குள் போனதும் புதுக் கையாகிவிடும். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நன்றாக நீந்தத் தெரியும். உங்களுக்கு அது அரைமணி நேர வேலை. யாராவது ஒருவரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.